நாங்கள் சிரித்த படம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்பு விழாவும் இனிதே நிறைவேறி, முறுக்கு டப்பாவில் தூள் மட்டும் மிஞ்சியிருந்த நாள் அது. 2025-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரம். வேங்கிக்காலில் எங்களுள் ஒருத்தியின் வீட்டு முன்னறையில் நாங்கள் நால்வரும் கூடியிருந்தோம்.

'நாங்கள் நால்வரும்' என்றாலே நம் பள்ளியில் பலருக்கு விளங்கிவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறோம். சிஸ்டர்கள் எங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. "அந்த நாலு பேரைக் கூப்பிடு" என்றால் போதும். ஆகையால் இக்கட்டுரையிலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். எழுதியது ஒருத்தி, படித்துப் பார்த்து அடித்துத் திருத்தியது மற்ற மூவர்.

அன்று அந்த வீட்டு அக்கா ஒரு திரைப்படம் காட்டினார்கள். அவர்கள் சென்னையில் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் தம் மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, "சிரிக்கவும் வைக்கும், வயிற்றையும் கலக்கும், பாருங்கள்" என்று சொல்லிப் போட்டார்கள். படத்தின் பெயர் 'டோன்ட் லுக் அப்'. மேலே பார்க்காதே என்று பொருள். ஆடம் மெக்கே என்பவர் இயக்கிய அமெரிக்கப் படம். 2021 டிசம்பரில் சில திரையரங்குகளிலும் பிறகு நெட்ஃபிளிக்ஸிலும் வெளிவந்தது. படம் ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்கினார்கள். பெரியவர்களுக்கான படம் என்பதால் சில இடங்களை வேகமாக ஓட்டிவிட்டார்கள். சில சொற்களை எவ்வளவு கேட்டும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்கள். சிஸ்டர்கள் கவலைப்பட வேண்டாம்.

எங்களோடு அவ்வீட்டுப் பாட்டியும், அப்பாவும், மனை வாங்கி விற்கும் மாமாவும், ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கதையைச் சுருங்கக் கூறுகிறோம். கேட் என்னும் ஆராய்ச்சி மாணவி ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறாள். எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அவளுடைய பேராசிரியர் மிண்டி பலகையில் கணக்குப் போடுகிறார். போடப்போட அவர் முகம் வெளுக்கிறது. ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை, ஆறு மாதமும் பதினான்கு நாளும் கழித்துப் பூமியின்மேல் மோதப்போகிறது. இருவரும் வெள்ளை மாளிகைக்கு ஓடுகிறார்கள். அங்கே நெடுநேரம் காத்துக் கிடக்கிறார்கள். பெண் ஜனாதிபதிக்கோ தேர்தல் கவலை. பொறுத்திருந்து பார்க்கலாம் என்கிறார். தொலைக்காட்சியில் போய்ச் சொல்லுகிறார்கள். அங்கே நிகழ்ச்சி நடத்துவோர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கேட் பொறுக்கமாட்டாமல், எல்லாரும் சாகப்போகிறோம் என்று கத்துகிறாள். அவ்வளவுதான். அடுத்த கணமே அவள் கத்திய முகத்தை வைத்து நாடெங்கும் கைப்பேசிகளில் கேலிப்படம் பறக்கிறது.

இடையில் எங்களை மிகவும் சிரிக்க வைத்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை மாளிகையில் காத்திருக்கும்போது, பெரிய பதவியில் உள்ள இராணுவத் தளபதி ஒருவர் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்து, அதற்கு இவர்களிடம் காசு வாங்கிக்கொள்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவை அங்கே எல்லாருக்கும் இலவசம் என்று! உலகம் அழியப்போகும் நேரத்திலும் கேட் அதையே நினைத்து நினைத்து மருகுகிறாள். அவர் எதற்காக அப்படிச் செய்தார் என்று.

மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம். பாறையைத் திசை திருப்ப ராக்கெட்டுகள் புறப்படுகின்றன. அதற்குள் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் பெருஞ்செல்வர், அந்தப் பாறையில் விலைமதிப்பற்ற தாதுக்கள் உள்ளன என்று கண்டுபிடித்துவிட, போன ராக்கெட்டுகள் பாதி வழியில் திரும்பிவிடுகின்றன. வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரியத் தொடங்கியதும் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி மேலே பார் என்கிறது. மற்றொன்று மேலே பார்க்காதே என்கிறது.

கேட் தொலைக்காட்சியில் கத்தி, அவள் முகம் கேலிப்படமாகப் பறந்தபோது முன்னறையே அதிரும்படி நாங்கள் சிரித்தோம். தம்பி அவளைப் போலவே கண்ணை உருட்டிக் கத்திக் காட்டினான். அந்த நேரத்தில் எங்களுள் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். படம் முடியும்வரை அவள் திரும்பவில்லை. வயிற்றுவலியாக இருக்கும் என்று எண்ணி நாங்களும் படத்தில் மூழ்கிவிட்டோம்.

படம் முடிந்ததும் பெரிய வழக்காடு மன்றமே கூடிவிட்டது.

தம்பிக்குப் படம் துளியும் பிடிக்கவில்லை. 2018-இல் வந்த நம் 'டிக் டிக் டிக்' படத்தில் ஜெயம் ரவி விண்வெளிக்கே போய்ப் பாறையை உடைத்தாரே, இவர்களுக்கு என்ன கேடு என்று கேட்டான். பாறையைத் திருப்புவது வெறும் கதையில்லை என்று அக்கா அவனைத் தேற்றினார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசா அனுப்பிய 'டார்ட்' என்னும் விண்கலம், டைமார்ஃபஸ் என்ற சிறிய விண்பாறையின்மேல் வேண்டுமென்றே மோதியது. அப்பாறை தன்னைவிடப் பெரிய இன்னொரு பாறையைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்திரண்டு நிமிடம் குறைந்துபோனதாம். தம்பிக்கு மகிழ்ச்சி.

மாமாவுக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. "நம்ம ஊர்ல நடக்கிறதை அமெரிக்காக்காரன் எப்படிப் பார்த்தான்?" என்று தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாட்டி சிரிக்கவே இல்லை. கடைசியில் பேராசிரியர் குடும்பத்தாரும் நண்பர்களும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகோத்துச் செபிக்கிறார்கள். சுவர் ஆடத் தொடங்கும்போதும் காப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையா சிரிப்புப் படம்னு சொன்ன?" என்று அக்காவைக் கடிந்துகொண்டார்.

அப்பாவுக்கோ கோபம். "அந்தப் படத்தில் அறிவாளிகள் நாலே பேர். மற்ற எல்லாரும் மடையர்கள். ஊரை இப்படிப் பார்க்கிறவன் பேச்சை ஊர் எதற்குக் கேட்கவேண்டும்?" என்றார்.

அக்கா விடவில்லை. வால்நட்சத்திரம் என்பது ஓர் உருவகம்தான், பூமி சூடாவதைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்லிச்சொல்லி யாரும் காதில் வாங்காததைத்தான் இயக்குநர் காட்ட நினைத்தார் என்றார்கள். கொரோனாவுக்கு முன்பே எழுதப்பட்ட கதையாம். நோய் பரவியதால் படப்பிடிப்புத் தள்ளிப்போய் 2020 இறுதியில்தான் தொடங்கியது. ஆகையால் பார்த்தவர்கள் பலர் இது கொரோனாவைப் பற்றியது என்றே நினைத்தார்களாம். எங்கள் முன்னறையில் நடந்த சண்டை வெளியுலகத்திலும் நடந்திருக்கிறது. விமரிசகர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இது கூரிய கிண்டல் அன்று, உரக்கக் கத்தும் கிண்டல் என்று குறை கூறினார்கள். பீட்டர் கால்மஸ் போன்ற பருவநிலை விஞ்ஞானிகளோ, எங்கள் வாழ்க்கையை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று உருகினார்கள். பொதுமக்கள் ஒரே வாரத்தில் பதினைந்து கோடி மணி நேரத்துக்குமேல் பார்த்து, நெட்ஃபிளிக்ஸில் அதுவரை இல்லாத சாதனையை ஏற்படுத்தினார்கள். ஆஸ்கருக்கு நான்கு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. (எங்களைக் கேட்டால், படம் அரைமணி நேரம் நீளம். ஜனாதிபதி வேறொரு கிரகத்துக்குத் தப்பிப் போவது தேவையே இல்லை.)

"சரி, மக்கள் மடையர்கள் இல்லை என்றால் ஏன் கேட்பதில்லை?" என்று அக்கா கேட்டார்கள்.

"பயம்," என்றார் அப்பா. "2011-இல் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பாற்ற வேண்டுமென்று அறிக்கை கொடுத்தது. கேரளத்து மலை விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் மடையர்களா? நிலம் போனால் எங்கே போவது என்ற பயம்."

"2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் என்ன ஆயிற்று அப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதை அங்கிருந்த எல்லாரும் அறிவோம்.

வயநாடு என்ற சொல்லைக் கேட்டபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. எழுந்து வாசலுக்கு ஓடினோம். வெளியே போனவளின் செருப்பு அங்கே இல்லை.

அவளைப் பற்றி இனி எழுதுவதை அவளிடம் கேட்டே எழுதுகிறோம். அவள் குடும்பம் முன்பு மலையடிவாரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பாறைகள் படிப்படியாக ஏறும்; சின்ன வயதில் அவற்றின்மேல் நாங்கள் சறுக்கி விளையாடியிருக்கிறோம். அவளுடைய தாத்தா கல் உடைக்கும் வேலை செய்தவர். பெருமழை பெய்யும்போதெல்லாம் அவர் சந்தில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலேயிருந்து வரும் தண்ணீர் எப்போதும் தெளிவாக வருகிற இடத்தில் செம்மண் கலந்து வருகிறது, தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் கேட்கிறது, ஆகவே நல்லதில்லை என்பார். இரண்டு மழைக்காலங்களில் அவர் பேச்சைக் கேட்டு வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு வேங்கிக்கால் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மூட்டையோடு திரும்பிப் போனார்கள். தெருவே சிரித்தது. புலி வருது கதையை நாம் எல்லாரும் படித்ததுதானே.

தெரு மட்டுமா சிரித்தது? அவளே வகுப்பில் இடைவேளையின்போது நெற்றியில் கை வைத்துக் கூனிக்கொண்டு, "மலை வருது! மலை வருது!" என்று தாத்தாவைப் போல நடித்துக் காட்டுவாள். அச்சு அசல் அவரேதான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். 'மலை தாத்தா' என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கதிரவனிலும் நிலாவிலும் விண்மீன்களிலும் அடையாளங்கள் தோன்றும், அப்போது தலையை உயர்த்திப் பாருங்கள் என்ற பொருளில் வரும் லூக்கா நற்செய்திப் பகுதிதான் அன்றைய வாசகம். மழையில் கோயிலில் பதினைந்து பேர்கூட இல்லை. நாங்கள் அதைக் கவனித்துக் கேட்டோம் என்று சொன்னால் பொய்யாகும். நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தோம்.

அன்று பிற்பகல் தாத்தா மூன்றாம் முறையாக வீட்டாரைக் கிளப்பி அத்தை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் என்று அவள் எங்களுக்குச் செய்தி அனுப்பினாள். நாங்கள் சும்மா இருப்போமா? ஒரு மலைப் படத்துக்குக் கண்ணும் மூக்கும் கால்களும் வரைந்து, அது குடை பிடித்துக்கொண்டு வேங்கிக்கால் சாலையில் தாத்தாவைத் துரத்துவதுபோல் செய்து அனுப்பினோம். நேரம் 3 மணி 40 நிமிடம். அவளும் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

அன்று மாலை வ.உ.சி. நகரில் மண்ணும் பெரும்பாறையும் சரிந்து வீடுகள்மேல் விழுந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து இரவு பகலாகத் தோண்டினார்கள். ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாண்ட பிள்ளைகளை அவளுக்குக் கடைக்குப் போகும் வழியில் பார்த்துப் பழக்கம். அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்துக்கு வல்லுநர்கள் மலையைப் பார்வையிட்டு, பக்தர்களை மலையேற விடவேண்டாம் என்று முடிவாயிற்று. டிசம்பர் 13 அன்று தீபம் மட்டும் எப்போதும்போல உச்சியில் எரிந்தது. அவள் குடும்பம் அதன்பின் வேங்கிக்காலிலேயே வாடகை வீடு பார்த்து வந்துவிட்டது.

இத்தனையும் எங்களுக்குத் தெரியும். பள்ளி திறந்த அன்று அந்தக் குழந்தைகளுக்காக நாங்களும்தான் செபித்தோம். ஆனால் நாங்கள் அனுப்பிய படம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனோம். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன் எழுந்து போனாய்?" என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. பிறகு கைப்பேசியை எடுத்துப் பழைய செய்திகளைத் தள்ளித்தள்ளி ஒரு வருடம் பின்னால் போய் எங்களிடம் நீட்டினாள். குடை பிடித்த மலை. 3 மணி 40. கீழே அவளுடைய சிரிப்பு முகம்.

எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருத்தி, "அழித்துவிடு" என்றாள்.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றாள் அவள். "நீங்க சிரிச்சதுக்காக நான் எழுந்து போகலை. அந்தப் படத்தைப் பார்த்து எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க? அந்த ஜனாதிபதியை, அந்தத் தொலைக்காட்சிக்காரங்களை. நாம எல்லாருமே அந்தப் பொண்ணு பக்கம் உட்கார்ந்துகிட்டோம். நான் என் தாத்தா பக்கம் இல்லையேடி. நான் கேலிப்படம் அனுப்புற பக்கம்."

இதற்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது பேசிக்கொண்டு வந்தோம். மாமா ஏன் அப்படிச் சிரித்தார், அப்பாவுக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று. மாமா படத்தைப் பார்க்கும்போது தம்மை விஞ்ஞானியாக நினைத்துக்கொண்டார் போலும். அப்பா தம்மை ஊராரில் ஒருவராக நினைத்துக்கொண்டார். உலகத்து விமரிசகர்களும் விஞ்ஞானிகளும் சண்டையிட்டதும் இதனால்தானோ என்னவோ. மலைச்சரிவில் வீடு கட்டியவர்களை மடையர்கள் என்று பேசுவோர் நம் ஊரிலும் உண்டு. ஆனால் அவள் தெருவில் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். வாடகைக்கு எங்கே போவது? அவள் அப்பாவுக்கே வாடகை கொடுத்தபின் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. படத்தில் மேலே பார்க்காதவர்களுக்குப் பதவி ஆசை, பண ஆசை. இங்கே மேலே பார்த்தாலும் போக இடமில்லை. மெக்கே இதையும் சேர்த்து எடுத்திருந்தால் அப்பாவுக்கும் படம் பிடித்திருக்கும்.

புத்தாண்டு அன்று மாலை, அக்கா ஊருக்குத் திரும்புமுன், படத்தை மறுபடியும் போடச் சொன்னோம். இம்முறை அவளையும் தாத்தாவையும் அழைத்து வந்தோம். அவள் வரமாட்டேன் என்றாள். "சினிமாதானே, வா" என்று தாத்தாதான் இழுத்து வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு காது சரியாகக் கேட்காது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

தளபதி தின்பண்டத்துக்குக் காசு வாங்கிய இடம் வந்தது. தாத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இருமல் வந்து, பாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று. எங்களுள் எவரும், மாமாகூட, அப்படிச் சிரிக்கவில்லை.

பிறகு கேட் கத்தும் இடம். நாங்கள் மூவரும் திரையைப் பார்க்கவில்லை. அவள் தலையைக் குனிந்து பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தாத்தா மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இந்தப் பொண்ணு கத்தியிருக்கக் கூடாது. கத்தினா எவன் கேட்பான்? நானும் முதல் தடவை கத்தினேன். ரெண்டாம் தடவை சண்டை போட்டேன்."

"மூணாம் தடவை என்ன செய்தீங்க தாத்தா?" என்று அக்கா கேட்டார்கள்.

"ஒண்ணும் பேசலை. கேஸ் அடுப்பைக் கழட்டித் தலையில வெச்சிக்கிட்டு மழையில நடந்துட்டேன். அடுப்பு எங்கேயோ அங்கேதானே சோறு? திட்டிக்கிட்டே எல்லாரும் பின்னால வந்தாங்க." சற்று நேரம் திரையையே பார்த்தார். "பக்கத்து வீட்டு அடுப்பை நான் தூக்க முடியுமா? அவங்ககிட்ட வாயாலதான் சொன்னேன்."

அவள் பாயைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுப்புக் கதை அவளுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டில் சொன்னது தெரியாதாம்.

"நான் வகுப்பில உன்னை மாதிரி நடிச்சுக் காட்டியிருக்கேன் தாத்தா," என்றாள் திடீரென்று. "எல்லாரும் சிரிச்சாங்க."

தாத்தாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொல்றா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் ஒரே குரலில், அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய், உரக்கச் சொன்னோம். மலை தாத்தா என்று பெயர் வைத்ததையும், கேலிப்படம் அனுப்பியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம்.

"அப்படியா?" என்றார். "எங்கே, நடிச்சுக் காட்டு பார்ப்போம்."

அவள் அசையவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. தாத்தா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அந்தத் தின்பண்டம் விற்கிற இராணுவக்காரனை இன்னொரு தடவை போடும்மா" என்றார்.

அக்கா திருப்பிப் போட்டார்கள்.